ஈ வராத காலை

பெபிஷா மாடிப்படி ஏறி முடிப்பதற்கு முன்பே, அவள் கையிலிருந்த பையின் மணம் அறைக்குள் வந்துவிட்டது. நெத்திலிக் கருவாடு. 2011 பிப்ரவரி, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம் என்று ஜினோ நோட்டில் எழுதினான். யார் வந்தாலும் முதலில் மணியை எழுதுவது அவன் வழக்கம். எழுதிய பிறகுதான் சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிடம் முந்துகிறது என்பது நினைவுக்கு வந்தது. அதை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று திருத்தினான்.

"லீலாபாய் அக்கா நீங்கதானா? புகைய வச்சே தீயக் கண்டுபிடிப்பீங்களாமே?"

"முதல்ல உட்காரு மக்கா. மூச்சு வாங்குது பாரு."

லீலாபாய் பதினோரு வருடம் மஸ்கட்டில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் இருந்தவர். எண்ணெய்த் தொட்டி தீப்பிடித்தால் புகை எவ்வளவு உயரம் ஏறும், எந்தப் பக்கம் சாயும், எந்தக் குடியிருப்பின்மேல் இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அங்கே அவருடைய வேலை. இப்போது நாகர்கோவிலில் இந்த ஒற்றை மாடி அறை. தீ விபத்துகளை ஆராய்ந்து காப்பீட்டுக்காரர்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். கணினியில் எண்களை ஏற்றுவது ஜினோ. இருபத்தாறு வயது. மாலையில் கணினி வகுப்பு. தான் ஏற்றிய எண்ணை மூன்று முறை சரிபார்த்தாலும் நான்காவது முறை சந்தேகம் வந்துவிடும் அவனுக்கு.

பெபிஷா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "இராஜாக்கமங்கலம் கடக்கரைல தும்புக் கொட்டகை எரிஞ்சுதே, செவ்வாக்கிழமை. அத எனக்க அண்ணன் எரிச்சான்னு சொல்லுகாவ. சிலுவைதாசன். வெல்டர். கூரைத் தகரம் பத்த வைக்கப் போனான். தீப்பொறி பறந்து தும்புல விழுந்துட்டாம்."

"போலீஸ்?"

"திங்கக்கிழமை கேஸ் எழுதிருவாராம் எஸ்.ஐ. வியாழக்கிழமை இவனுக்குத் தோகா பிளைட். கேஸ் இருந்தா போலீஸ் சர்டிபிகேட் இல்ல. அது இல்லேன்னா விசா இல்ல. நாலு வருசம் அலைஞ்சு கெடச்ச விசாக்கா. அவன் சோறுகூட திங்க மாட்டேங்கான்."

அவர்கள் தேவாலயப் பங்கிலுள்ள வக்கீல் ஒருவர் வாங்கிக் கொடுத்த நகலை அவள் நீட்டினாள். தென்னைநார்த் தும்பு அடிக்கும் அந்தக் கொட்டகையின் மேனேஜர் சத்தியராஜ் போலீசில் கொடுத்த வாக்குமூலம். ஜினோ உரக்கப் படித்தான்.

"செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தென்னந்தோப்பு வழியாக வந்து கொட்டகையைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தோப்பில் யாரோ சருகு எரித்த புகை நிறைந்து என் கண் எரிந்தது. வேறு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய்விட்டு, பத்து முப்பத்தைந்துக்கு வெல்டரை அழைத்து வந்து வேலையைக் காட்டினேன். பதினொன்றரைக்குக் கொட்டகை தீப்பிடித்தது."

லீலாபாய் காகிதத்தின் பின்பக்கம் சதுரமாகக் கோடு போட்டார். "எது எங்கே இருக்குன்னு சொல்லு."

தெற்கே கடல். பிறகு மணல். மணலுக்கு வடக்கே கொட்டகை, தெற்கு வடக்காக அறுபது மீட்டர் நீளம். அதற்கும் வடக்கே தோப்பு. சிலுவைதாசன் வேலை செய்தது தெற்கு முனையில், கடலைப் பார்த்து. வடகிழக்கு மூலையில், வெளியே, தும்பு அடித்து மிஞ்சிய நார்த்தூள் பெரிய குவியலாகக் கிடந்தது. எல்லாவற்றையும் பெபிஷா விரலால் காட்டினாள். பிறகு கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அவள் சித்தப்பா மகன் பதினொன்று நாற்பதுக்கு எடுத்தது. கோயில் கோபுரத்தைப் போல் பத்து மடங்கு உயரத்துக்குக் கரும்புகை நிமிர்ந்து நின்று, அதன்பின் வடக்கே மலைப்பக்கம் வளைந்திருந்தது.

"நல்ல சூடான புகை. அதான் இவ்வளவு ஏறியிருக்கு," என்றார் லீலாபாய். "கடல்காற்று அதை முழுசா நிலத்துப் பக்கம் தள்ளியிருக்கு. அந்தப் பையில என்ன?"

"உங்களுக்குத்தான். சும்மா வரக்கூடாதுன்னு."

லீலாபாய் ஒரு நெத்திலியை எடுத்து மூக்கருகே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு பையை ஜினோவின் பக்கம் நகர்த்தினார். ஜினோ முகர்ந்தான். கருவாட்டு வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது.

"புகை," என்றான்.

"இது என்றைக்குக் காய வைத்தது பெபிஷா?"

"அதே செவ்வாக்கிழமைதான். இந்த வாரம் அன்னைக்கு மட்டும்தான் நெத்திலி பட்டுது. விடியமுன்ன மணல்ல விரிச்சோம்."

"கொட்டகைக்குத் தெற்கேயா?"

"பின்ன? கடல்ல விரிக்க முடியுமா?"

ஜினோவின் பேனா நின்றது. கொட்டகைப் புகை முழுவதும் வடக்கே போயிருக்கிறது. தெற்கே கிடந்த மீனில் புகை ஏறியது எப்படி? ஐந்தரைக்கு அவன் மாலை வகுப்பில் இருக்க வேண்டும். ஐந்தரைக்கு அவன் லீலாபாயின் பழைய காற்றுக் குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஆறரைக்கு மணலில் இறங்கினார்கள். கரைக்காற்று குளிர்ச்சியாகத் தோப்பிலிருந்து கடலுக்கு வீசியது. தெற்கு முனையில் எரிந்த தகரங்கள் சுருண்டு கிடந்தன. பெண்கள் மீன் விரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் உரத்த குரல் லிஜாவுடையது.

"ஏட்டி பெபிஷா, ஆரு இது? பொண்ணு பாக்க வந்திருக்காவளா?"

"சும்மா கெட. துப்பறிய வந்திருக்காவ."

"இந்தப் பையனா? நண்டக் கண்டா ஓடிருவான் போல இருக்கு!"

ஜினோ காது சிவந்துபோய் நோட்டைத் திறந்தான். ஆனால் லிஜா சொன்ன அடுத்த செய்தியில் அவனுக்கு எல்லாம் மறந்துபோனது. அந்த மணலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம். ஐந்து மீட்டர் அகலம். குச்சி நட்டிருக்கும். அடுத்த வீட்டு இடத்தில் ஒரு மீன்கூட விரிக்கமாட்டார்கள். அவரவர் கருவாடு அவரவர் சாக்கில். கொட்டகைக்கு நாற்பது மீட்டர் தெற்கே முதல் வரிசை, பத்து வீடு. அதற்கும் ஐம்பது மீட்டர் தள்ளி இரண்டாவது வரிசை, பத்து வீடு.

"அப்படின்னா செவ்வாய்க்கிழமை எங்கெங்கே புகை வந்ததுன்னு இருபது சாக்கு சொல்லும்," என்றார் லீலாபாய்.

அடுத்த ஒரு மணி நேரம் ஜினோ வீடு வீடாகப் போய்ச் சாக்குக்குள் மூக்கை விட்டான். பின்னால் ஒரு சிறு கூட்டமே வந்தது. "எனக்க சாக்குல நாத்தமா மணமா, அத மட்டும் எழுதாதே மக்கா!" என்றாள் ஒருத்தி. முதல் வரிசையில் நான்கு சாக்கில் புகை இருந்தது. இரண்டாவது வரிசையில் ஆறு. நான்கும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஆறும் அப்படியே.

அவன் மணலுக்கு ஓடிவந்தான். "அக்கா, கரைக்காற்று வீசும்போதே, காலையிலேயே புகை இருந்திருக்கு! சிலுவைதாசன் வர்றதுக்கு முன்னாடி!"

"அதுக்கென்ன?" என்றாள் லிஜா. "நாங்க தினமும் புகை போடுவோமே. ஈக்கு. நனஞ்ச நார்த்தூள சட்டில அள்ளி, கங்கு போட்டு, காத்து வாற பக்கமா வைப்போம். புகை மீன்மேல தவழ்ந்து போவும். ஒரு ஈ அண்டாது."

ஜினோ நோட்டை மூடினான். புகைச்சட்டி! அவ்வளவுதானா? இருபது சாக்கையும் முகர்ந்தது ஒரு மண்சட்டியைக் கண்டுபிடிக்கவா? எழுதிய பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தான். பெபிஷா அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் முகமும் வாடியது.

லீலாபாய் மட்டும் நிதானமாகக் கேட்டார். "செவ்வாய்க்கிழமை சட்டி யார் வைத்தது?"

லிஜா பக்கத்து இடத்துக்காரியிடம் திரும்பினாள். "ஏட்டி, நீ வச்சியா?"

"நான் வைக்கல. நீ வச்சேன்னுல்ல நெனச்சேன்."

"நானும் வைக்கல. அன்னைக்குப் புகை தானாத்தானே வந்துட்டு கெடந்துது! விடியக்காலமே. ஆரோ புண்ணியவான் நமக்காவப் புகை போட்டிருக்கான், சட்டி மிச்சம்னு நான்தானே சொன்னேன்?"

ஜினோ மூடிய நோட்டைத் திறந்தான்.

"யாரும் திரும்பிப் பார்க்கலையா?" என்றான் ஜினோ.

"புகை வந்தா போதாதா? எங்கேருந்து வருதுன்னு ஆரு பாப்பா? எடத்துக்கு எடம் கொஞ்சம் வித்தியாசம், ஓரத்து வீட்டுக்காரிய மட்டும் ஈ விரட்டிட்டு இருந்தா."

"போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"தீயப் பாத்தியான்னு கேட்டாவ. பாக்கலன்னு சொன்னோம். ஈயப் பத்திக் கேக்கலியே!"

லீலாபாய் சிரித்துவிட்டார். "இப்போ நான் கேட்கிறேன். ஈ திரும்ப எப்போ வந்தது?"

பெண்கள் தங்களுக்குள் சண்டையிட்டு முடிவுக்கு வந்தார்கள். பத்து மணி பஸ் போய்ச் சற்று நேரத்தில். காற்று திரும்பியது. புகை நின்றது. ஈ மொய்த்தது. வெயில் ஏறிவிட்டது, இனி கடல்காற்றில் சட்டிப் புகை நிற்காது என்று மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்கு அரை மணி நேரத்துக்குப் பின்புதான் சிலுவைதாசன் வந்தான்.

"ஜினோ, அந்த நாலையும் ஆறையும் வரைந்து பார்."

அவன் மணலில் மண்டியிட்டு வரைந்தான். முதல் வரிசையில் புகையின் அகலம் இருபது மீட்டர். ஐம்பது மீட்டர் தள்ளி முப்பது மீட்டர். புகை போகப் போக விசிறிபோல் விரிந்திருக்கிறது. ஐம்பது மீட்டருக்குப் பத்து மீட்டர் விரிகிறது என்றால், முதல் வரிசையிலிருந்து பின்னோக்கிப் போனால், இருபது மீட்டர் அகலமும் சுருங்கி ஒரே புள்ளியாவது எங்கே? கணக்குப் போட்டான். அழித்துவிட்டு மறுபடியும் போட்டான். இரண்டு முறையும் ஒரே விடை.

"நூறு மீட்டர் பின்னால."

"இங்கிருந்து கொட்டகையின் தெற்கு முனை?"

"நாற்பது. அங்கேதான் வெல்டிங். அதுக்கப்புறம் கொட்டகை நீளம் அறுபது." அவன் வடக்கே கையை நீட்டினான். "நூறு மீட்டர்ல வடக்கு மூலை! நார்த்தூள் குவியல்!"

"குளிர்ந்த காலையில, கொழுந்து விடாமக் கனிகிற தூள்ல சூடு குறைவு. புகை மேலே ஏறாது. தரையோடு தவழ்ந்து வந்திருக்கு. பகல்ல தும்பு பற்றி எரியும்போதுதான் நிமிர்ந்து நின்னுது. ஒரே தீ. இரண்டு விதமான புகை." லீலாபாய் எழுந்து மணலைத் தட்டினார். "பெபிஷா, உன் அண்ணனைக் கூப்பிடு. ஜினோ, எஸ்.ஐ.க்குப் போன் போடு. முதலாளியும் மேனேஜரும் ஒன்பதரைக்குத் தோப்பு ஓரத்துக்கு வரணும்."

சிலுவைதாசன் வந்தான். நல்ல உயரம், ஆனால் குனிந்தே நின்றான்.

"புகை வாசனை வரலையா உங்களுக்கு?"

"இல்லக்கா. கடக்காத்து முகத்துல அடிச்சுட்டு இருந்துது."

"வேலைக்கு எப்போ கூப்பிட்டாங்க?"

"கூரை ஒழுகுதுன்னு ஒரு மாசமா சொல்லுகாரு, கூப்பிடல்ல. அன்னைக்குத் திடீர்னு போன். இப்பமே வான்னு. தோப்பு வழியா வந்தா அஞ்சு நிமிசம். மேனேஜர் ரோட்டுல காத்து நின்னு, கடக்கரை சுத்திக் கூட்டிட்டு வந்தாரு." கைபேசியைத் திறந்து காட்டினான். அழைப்பு வந்தது பத்து இருபதுக்கு. ஜினோ மணியை எழுதினான். இந்த முறை திருத்தவில்லை.

ஒன்பதரைக்கு எஸ்.ஐ. மரியஜான் வந்தார். முதலாளி பகவதியப்பன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். மேனேஜர் சத்தியராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். லீலாபாய் எல்லோரையும் தோப்பின் தென் ஓரத்தில், எரிந்த குவியலுக்குப் பத்து மீட்டர் வடக்கே நிறுத்தினார். குவியல் இருந்த இடத்தில் மூன்று சட்டி நனைந்த நார்த்தூளில் பெண்கள் கங்கு போட்டார்கள். வெள்ளைப் புகை தரையோடு கிளம்பி, அவர்களுக்கு எதிர்ப்பக்கமாக, மணலுக்கு ஊர்ந்தது. அங்கிருந்து கூச்சல். "ஈ போச்சு! ஈ போச்சு!"

"இதென்ன மேடம், மேஜிக் ஷோவா?" என்றார் எஸ்.ஐ.

"கொஞ்சம் நேரம் சார். மேனேஜர் சார், ஏழு மணிக்கு இந்த வழியாத்தானே வந்தீங்க? கண் எரிஞ்சது எங்கே?"

"இதே இடம்தான். இந்தத் தென்னைகிட்ட. கர்சீப் வச்சுப் பொத்திட்டு நடந்தேன்."

"ஏழு மணி உறுதியா?"

"கோயில் மணி அடிச்சுதே!"

லீலாபாய் தலையசைத்துவிட்டுச் சும்மா நின்றார். ஜினோ கடிகாரத்தைப் பார்த்தான். காற்று பத்து ஐந்துக்குத் திரும்பும் என்று நேற்று இரவு அவன்தான் கணித்திருந்தான். பத்து ஐந்து ஆனது. புகை தெற்கே போய்க்கொண்டே இருந்தது. பத்து பத்து. முதலாளி கொட்டாவி விட்டார். பத்து பதினைந்து. "எனக்கு ஸ்டேஷன்ல வேலை இருக்கு," என்றார் எஸ்.ஐ. ஜினோ நோட்டில் தன் கணக்கை மறுபடி பார்த்தான். நிலத்தின் வெப்பத்தைத் தவறாக எடுத்துவிட்டேனா? இன்று மேகம் சற்று அதிகமோ? இந்த மனிதனின் விசா என் கணக்கில் தொங்குகிறதே. பத்து இருபதுக்கு எஸ்.ஐ. ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார்.

புகை நின்றது. எந்தப் பக்கமும் போகாமல், யோசிப்பதுபோல் அந்தரத்தில் சுழன்றது. தென்னை ஓலைகள் ஒருமுறை அசைந்தன. மணலில் லிஜாவின் குரல் கேட்டது. "வந்துட்டு எளவெடுத்த ஈ!"

மறுநொடி கடலிலிருந்து காற்று வந்து மோதியது. மூன்று சட்டிப் புகையும் மொத்தமாகத் திரும்பித் தோப்புக்குள் பாய்ந்தது. எஸ்.ஐ. இருமினார். முதலாளி வேட்டி முனையால் முகத்தை மூடினார். ஜினோவுக்குக் கண்ணீர் வழிந்தது. அதில் பாதிதான் புகையால்.

"கண்ணு எரியுது, அணைங்கம்மா!" என்று கத்தினார் எஸ்.ஐ.

"மணி என்ன சார்?"

"பத்து இருபத்தஞ்சு."

"ஐம்பது நிமிஷத்துக்கு மேல இதே தென்னைகிட்ட நின்னீங்க. அதுக்கு முன்னாடி கண் எரிஞ்சதா?"

எஸ்.ஐ. இருமலை நிறுத்தினார். மெல்லத் திரும்பிச் சத்தியராஜைப் பார்த்தார்.

"அது... அது வேற புகை," என்றார் சத்தியராஜ். "தோப்புல எரிச்ச சருகுப் புகை."

"தோப்பில் தீ இருந்திருந்தால் அந்தப் புகையும் கரைக்காற்றில் தெற்கேதான் போயிருக்கும். மீன்மேல் இரண்டாவது பட்டை விழுந்திருக்கும்," என்றார் லீலாபாய். "இருபது சாக்கை முகர்ந்தாச்சு. ஒரே பட்டை. அது வந்து சேருகிற இடம் இந்தக் குவியல். செவ்வாய்க்கிழமை விடியும்போதே இது கனிஞ்சுட்டு இருந்தது. பத்து மணி வரைக்கும் இதன் புகை தோப்புக்கு வரவே இல்லை. காற்று திரும்பிய பிறகுதான் வந்தது. நீங்கள் கண் எரிய நடந்தது ஏழு மணிக்கு இல்லை, பத்து மணிக்கு மேலே. பத்து இருபதுக்கு வெல்டருக்குப் போன் போட்டீங்க. பக்கத்து வழியை விட்டுக் கடற்கரையைச் சுற்றிக் கூட்டி வந்தீங்க. அவர் மூக்கில் இந்தப் புகை படக்கூடாது, அதுக்காக."

"அப்ப ஏழு மணின்னு ஏன் சொல்லணும்?" என்றார் எஸ்.ஐ.

"தோப்பில் புகை இருந்ததைத் தேங்காய் வெட்டுகிறவர்கள் யாராவது பார்த்திருப்பாங்க. முந்திக்கொண்டு அதைச் சருகுப் புகையாக்கணும். வெல்டர் வந்த நேரத்திலிருந்து தூரமா வைக்கணும். காலையில் புகை எந்தப் பக்கம் போகும்னு அவர் யோசிக்கலை. இந்த மணலில் மீன் விரிக்கிற எந்தப் பெண்ணும் அந்தத் தப்பைச் செய்யமாட்டா."

பகவதியப்பன் வேட்டி முனையை முகத்திலிருந்து எடுத்தார். "ஏலே சத்தியராஜ். எனக்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சத்தியராஜ் தரையைப் பார்த்துச் சொன்னார். குவியலைப் பற்றிப் புகார் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் அதிகாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. லாரி வைத்து அள்ளச் சொல்லியிருந்தார் முதலாளி. லாரி கிடைக்கவில்லை. திங்கள் சாயங்காலம் ஒரு மூலையில் கங்கு வைத்தார். இரவோடு கனிந்து சாம்பலாகிவிடும் என்று நினைத்தார். மறுநாள் பத்தே காலுக்கு வந்தபோது நெருப்பு சுவருக்கு அடியில் நுழைந்து உள்ளே தும்பைப் பிடித்திருந்தது.

"அப்பமே நாலு பேரக் கூப்பிட்டிருந்தா தண்ணி ஊத்தி அணைச்சிருக்கலாமே!"

"பயந்துட்டேன் அண்ணாச்சி. தப்பு எனக்க தலையில வந்துருமேன்னு..."

"அதுக்கு எனக்க அண்ணன் தலையில வைப்பியா?" பெபிஷா பாய்ந்தாள். லிஜா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அத்தனை இறுக்கமாகப் பிடிக்கவில்லை.

எஸ்.ஐ. இருவருக்கும் நடுவே வந்து நின்றார். சத்தியராஜின் கைபேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜீப்பில் ஏறச் சொன்னார். பிறகு சிலுவைதாசனிடம் திரும்பினார்.

"சர்டிபிகேட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கியா?"

"கொடுத்தேன் சார். நிறுத்தி வச்சிருக்குன்னு சொன்னாவ."

"நான்தான் நிறுத்தி வச்சேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு வா. கையெழுத்துப் போட்டு வச்சிருப்பேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "புகை," என்றார், யாரும் கேட்காமலே.

சிலுவைதாசன் தென்னை அடியில் அப்படியே உட்கார்ந்தான். கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினான். முதல் முறை தவறாகப் போனது. இரண்டாவது முறை கிடைத்தது.

"டிராவல்ஸா? நான் சிலுவைதாசன். நேத்தைக்குச் சொன்னேன்லா, அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணாண்டாம்." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவன் தலையை உயர்த்தினான். "ஆமா. வியாழக்கிழமை. நான்தான் போறேன்."

அதைக் கேட்டதும் பெண்கள் எழுப்பிய கூச்சலில், அடுத்து அவன் சொன்னது மறுமுனைக்குக் கேட்டிருக்க முடியாது.